கைக்கு என்ன வேலை? – மூன்று சிறு வீடியோ விளையாட்டுகள்

விளையாட்டுக்குத் திறனாய்வு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நாவலையும் கவிதையையும் நாடகத்தையும் சீர்தூக்கிப் பார்த்துப் பழகிய நமக்கு, பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து ஆடும் ஒன்றைப் பற்றி எழுதுவது முதலில் கூச்சமாகவே இருந்தது. பாளையங்கோட்டையில் உறவினர் ஒருவர் வீட்டில், கோடை விடுமுறைப் பிற்பகல் ஒன்றில் கண்ட காட்சி அந்தக் கூச்சத்தைப் போக்கிற்று.

அவ்வீட்டுப் பையனுக்கு வயது 12. ஆங்கிலவழியில் படிப்பவன். கையில் விளையாட்டுக் கருவியோடு தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தான். திரையில் துப்பாக்கி இல்லை. சீறிப் பாயும் கார் இல்லை. ஓர் அடுப்படி இருந்தது. இட்லிப் பானை, தட்டுகள், துணி, மாவுப் பாத்திரம். பையன் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். ஏதோ தவறிவிட, விளையாட்டு அவனை மீண்டும் தொடங்கச் சொன்னது. இரண்டு முறை இப்படி ஆயிற்று. உள்ளேயிருந்து வந்த ஆச்சி சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொறுக்க மாட்டாமல் சொன்னார்:

"ஏய்யா, குழிக்கு நேரா குழி வைக்காத. மாவு பொங்கி மேல் தட்டுல ஒட்டிக்கிடும்லா. தட்டைக் கொஞ்சம் திருப்பி வையி."

பையன் திருப்பி வைத்தான். இட்லி வெந்தது. அவன் வியப்போடு நிமிர்ந்து, "ஆச்சி, இந்த கேமை நீங்க முன்னாடியே ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டான்.

"அறுபது வருசமா இதைத்தான்யா ஆடுதேன்" என்றார் ஆச்சி.

அந்த விளையாட்டின் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழு, அபி என்பவரின் தலைமையில் உருவாக்கி, 2023 ஜூலை இறுதியில் வெளியிட்டது. அதைப் பற்றியும், அதனோடு சேர்த்து எண்ணத்தக்க வேறு இரண்டு சிறு விளையாட்டுகளைப் பற்றியும் சில கருத்துகளை இங்கே முன்வைக்கிறோம்.

அச்சமும் அதன் எல்லையும்

வீடியோ விளையாட்டு என்றதும் பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் வீணானதன்று. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் தமிழகத்தில் குடும்பங்கள் நிலைகுலைந்ததை நாம் அறிவோம். அதனால்தான் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றியது. பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. சூது இல்லாதவற்றிலும், பிள்ளையின் பொழுதை முழுவதுமாக விழுங்குவதற்கென்றே வகுக்கப்பட்டவை உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டித் தூக்கி எறிவது திறனாய்வு ஆகாது. மலிவான கதைகள் மலிந்திருக்கின்றன என்பதற்காக யாரும் புதுமைப்பித்தனை ஒதுக்கிவிடுவதில்லை. ஒரு துறையில் எது நல்லது, எது போலி என்று பிரித்துச் சொல்ல அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுத் திண்ணையே போதும்.

நம் முன்னோர் ஆடிய பரமபதத்தை எண்ணிப் பாருங்கள். ஏணிகள் நற்பண்புகளையும் பாம்புகள் தீக்குணங்களையும் குறிப்பன. ஆயினும் ஆடுகிறவரின் கை செய்வது தாயத்தை உருட்டுவது ஒன்றே. பொறுமையால் ஏறியவனும் பொறுமையைப் பழகவில்லை. கோபத்தால் விழுந்தவனும் கோபப்படவில்லை. அறம் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது, ஆட்டத்தில் இல்லை. பல்லாங்குழியிலோ எழுத்து ஒன்றும் இல்லை. ஆனால் சோழிகளை அள்ளி, குழிக்கு ஒன்றாக இட்டு, எதிரே இருப்பவரின் குழியிலும் இட்டுக்கொண்டே போகும் கை, எண்ணவும் காத்திருக்கவும் தன்னிடம் உள்ளதைக் கணக்கறிந்து விடவும் பழகிவிடுகிறது.

நாவலின் பொருளை நாம் படித்து அறிகிறோம். நாடகத்தின் பொருளைப் பார்த்து அறிகிறோம். விளையாட்டின் பொருளைக் கையால் செய்து அறிகிறோம். ஆகவே விளையாட்டின் தரத்தைச் சோதிக்க அதன் கதை உயர்ந்ததா, படம் அழகா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது நம் கைக்கு என்ன வேலை தருகிறது? அந்த வேலையைச் செய்ததனால் நாம் அறிந்தது என்ன? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே நாம் மேலே செல்வோம்.

சிறியன என்பவை எவை?

ஒரு காலத்தில் இவ்விளையாட்டுகள் குறுந்தட்டிலோ கெட்டிப் பெட்டியிலோ அடைக்கப்பட்டுக் கடைகளில் விற்கப்பட்டன. தட்டு அடிக்கவும், கடைக்கு அனுப்பவும், விளம்பரம் செய்யவும் பெருமுதல் வேண்டும். ஆகவே பெரும் நிறுவனங்களே இத்துறையில் நிலைக்க முடிந்தது. 2004இல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கென ஓர் இணையக் கடையைத் திறந்தது. 2006இல் சோனியும் 2008இல் நின்டெண்டோவும் அவ்வழியே வந்தன. தட்டு இல்லை, பெட்டி இல்லை. விலை கொடுத்தவர் விளையாட்டை நேரே தம் கருவியில் இறக்கிக்கொள்ளலாம். நின்டெண்டோவின் வீவேர் கடையில் ஒரு விளையாட்டின் அளவு 40 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பே இருந்தது. இன்றைய பெரு விளையாட்டுகள் சில 100 கிகாபைட்டையும் கடந்து நிற்பதோடு ஒப்பிட்டால் அது ஒரு கைப்பிடி அளவு.

அந்தக் குறுகிய வாசல் வழியேதான் தனிமனிதர்கள் உள்ளே வந்தனர். ஜோனதன் புளோ தம் சொந்தப் பணத்தைப் போட்டு உருவாக்கிய 'பிரெய்ட்' 2008இல் வெளிவந்து, சிறு விளையாட்டும் கலைப்படைப்பாகப் பேசப்படலாம் என்பதைக் காட்டிற்று. எரிக் பரோன் என்பவர் 'ஸ்டார்டியூ வேலி' என்னும் உழவு விளையாட்டின் படம், இசை, கதை அனைத்தையும் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாம் ஒருவராகவே செய்து 2016இல் வெளியிட்டார்.

தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியன்று. இலட்சக்கணக்கில் விற்ற வார இதழ்களின் நிழலில்தான் நம் சிற்றிதழ்கள் பிறந்தன. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, தாம் பதிப்பித்த நூல்களைக் கையில் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றவர். சிறிய ஏட்டில்தான் புதுக்கவிதை வேரூன்றியது. இன்னும் பின்னே சென்றால், பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' வெறும் 16 பக்கங்களே கொண்டது. இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அச்சிறு நூல்தான். அதன் செலவுக்கு முத்துக்குளித்துறை மக்கள் பொருள் திரட்டித் தந்தனர். அளவில் சிறிது என்பதால் ஒன்றை இகழ்வதற்கு இந்த ஆற்றங்கரையில் பிறந்த நமக்கு உரிமை இல்லை.

பேச்சற்ற வழித்துணை

நாம் எடுத்துக்கொள்ளும் முதல் விளையாட்டு 'ஜர்னி'. பயணம் என்பது அதன் பொருள். ஜெனோவா சென் என்பவரை முதல்வராகக் கொண்ட குழு ஒன்று 2012 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3 கருவிக்காக வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முக்காடிட்ட ஓர் உருவம் மணற்காட்டில் நிற்கிறது. தொலைவில் ஒரு மலை. அதன் உச்சியில் ஒளி. அங்கே செல்ல வேண்டும். இவ்வளவே கதை. சொல் ஒன்றுகூட இல்லை.

வழியில் வேறொரு முக்காட்டு உருவம் தென்படும். அது கணினி ஆட்டும் பொம்மையன்று. உலகின் எங்கோ ஒரு மூலையில் அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் மனிதர். அவரோடு பேச இயலாது, எழுத இயலாது, அவர் பெயரும் தெரியாது. ஒரு பொத்தானை அழுத்தினால் மணியோசை போன்ற ஒரு குரல் எழும். அவரும் பதிலுக்கு எழுப்புவார். இருவரும் நெருங்கி உரசினால், பறக்கும் ஆற்றல் இருவருக்கும் பெருகும்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும. தொடக்கத்தில் ஆடுவோர் ஒருவரையொருவர் இடித்துத் தள்ள முடியும் வகையில் இதை அமைத்திருந்தார்கள். உதவி செய்வார்கள் என்று எதிர்பார்த்தால், சோதித்துப் பார்த்தவர்கள் மற்றவரைப் பள்ளத்தில் தள்ளுவதிலேயே இன்பம் கண்டார்கள். எனவே தள்ளும் வழியையே எடுத்துவிட்டார்கள். மனிதரைத் திருத்த முயலவில்லை. தீங்கு செய்யும் வேலையைக் கையிலிருந்து அகற்றிவிட்டு, அழைக்கும் வேலையையும் நெருங்கும் வேலையையும் மட்டும் விட்டுவைத்தார்கள். விளைவு என்ன? பனிக்காற்றில் தளர்ந்து நடக்கும் கடைசிக் கட்டத்தில், பெயர் தெரியாத அந்தத் துணை பின்தங்கினால் நாம் நின்று காத்திருக்கிறோம். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

நம் ஊர்களிலிருந்து வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் சென்றவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். பல நாள் நடையில், முன்பின் அறியாத ஒருவர் தண்ணீர்ப் புட்டியை நீட்டுவார். கொப்புளம் கண்ட காலுக்குத் துணி கட்டுவார். ஊர் பேர் கேட்கத் தோன்றாது. 'ஜர்னி' முடிந்த பிறகு திரையில் ஒரு பட்டியல் வருகிறது: வழியில் நீங்கள் சந்தித்த துணைவர்கள் இவர்கள். அப்போதுதான் பெயர்களை அறிகிறோம். ஒருவர் என்றெண்ணி நடந்தோம். மூவர் நால்வர் மாறி மாறி வந்திருக்கிறார்கள்! நன்றி சொல்ல நினைக்கையில் அவர்கள் சென்றுவிட்டிருக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. மணலும் இடிபாடுகளும் காட்டும் பழம்பெரும் நாகரிகம் எந்த மண்ணுக்கும் உரியதன்று. எல்லா மரபுகளிலிருந்தும் சிறிது சிறிதாகக் கிள்ளி எடுத்துக் கோத்தது. ஆஸ்டின் வின்டரியின் இசை, முழு விளையாட்டிசைத் தொகுப்புகளில் முதன்முதலாகக் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பெற்ற பெருமை உடையது. ஆயினும் சில இடங்களில் நாமே உணர வேண்டியதை அது முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது.

கை ஓய்ந்த இடம்

இரண்டாவது, 'தட் டிராகன், கேன்சர்'. அமெரிக்காவைச் சேர்ந்த ரையன் கிரீன், ஏமி கிரீன் என்னும் கிறிஸ்தவத் தம்பதியரின் மகன் ஜோயல், ஒரு வயதிலேயே மூளைப் புற்றுநோய்க்கு ஆளானான். சில மாதங்களே என்று மருத்துவர்கள் சொன்ன குழந்தை நான்கு ஆண்டுகள் போராடி 2014 மார்ச்சில் இறந்தான். அவன் உயிரோடு இருக்கும்போதே தொடங்கிய விளையாட்டு அவன் மறைவுக்குப் பின் முடிவுற்றது. பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். ஒரு இலட்சத்து நான்காயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2016 ஜனவரி 12ஆம் நாள், ஜோயலுக்கு 7 வயது நிறைந்திருக்க வேண்டிய நாளில், அது வெளிவந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த துயரை விளையாட்டாக்கலாமா என்ற கேள்வி நம்முள்ளும் எழுந்தது. ஒரு காட்சி அதற்கு விடை சொல்லிற்று. மருத்துவமனை அறையில் இரவு. குழந்தை அழுகிறது. நாம் தந்தையின் இடத்தில் இருக்கிறோம். பழச்சாறு கொடுக்கலாம்; கொடுத்தால் வாந்தி. தூக்கி வைத்து ஆட்டலாம், அழுகை கூடுகிறது. அறையில் நடக்கலாம், ஒன்றும் ஆவதில்லை. பொத்தானை அழுத்தினால் ஏதேனும் நடக்கும் என்பதுதான் எல்லா விளையாட்டுகளுக்கும் அடிப்படை. அந்த அடிப்படையையே இங்கே முறித்துவிட்டார்கள். நம் கை என்ன செய்தாலும் குழந்தையின் அழுகை ஓயவில்லை. எல்லா வழியும் அடைபட்ட பிறகு தந்தை செபிக்கிறார். குழந்தை உறங்குகிறது.

இதைக் கேட்டதும், செபம் என்னும் பொத்தானை அழுத்தினால் நலம் கிடைக்கும் என்று சொல்லும் படைப்பாக இதை நினைத்துவிடக் கூடாது. அந்த ஓர் இரவு உறக்கம் கிடைத்தது, குணம் கிடைக்கவில்லை. மகன் பிழைப்பான் என்று உறுதியாக நம்பும் தாயும், நம்பவும் நம்பாமலிருக்கவும் இயலாமல் தத்தளிக்கும் தந்தையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இருவரில் எவர் நம்பிக்கை மேலானது என்று படைப்பு தீர்ப்புக் கூறவில்லை. நோயுற்ற பிள்ளையோடு மருத்துவமனை வராந்தாவில் இரவைக் கழித்த எவரும் இந்த நேர்மையை மதிப்பர்.

மருத்துவமனைக் கூடம் ஒன்றில் வாழ்த்து மடல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நிதி தந்த குடும்பத்தினர், புற்றுநோயால் தாம் இழந்தவர்களையும் போராடிக்கொண்டிருப்பவர்களையும் எண்ணி எழுதித் தந்தவை அவை. ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கலாம், படிக்காமலும் கடக்கலாம். நவம்பர் 2ஆம் நாள் மாலையில் நம் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, அடுத்த கல்லறையின் பெயரையும் வாசித்துப் பார்ப்போமே, அதைப் போன்ற செயல் இது.

கலை நோக்கில் இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். தலைப்பிலேயே வரும் பறவைநாகப் பூதமும் அதை எதிர்க்கும் சின்னஞ்சிறு வீரனும் ஆகிய உருவகம், அறைக்குள் அழும் குழந்தையின் முன் வலுவிழந்து நிற்கிறது. உண்மைக் குரல்களும் உண்மைச் சிரிப்பும் ஒலிக்கும் இடங்களில் உருவகம் வேண்டியதே இல்லை. மற்றொரு செய்தி: இதை விலை கொடுத்து ஆடியவர்களைவிட, பிறர் ஆடுவதைக் காணொளியில் இலவசமாகப் பார்த்துவிட்டுச் சென்றவர்கள் மிகப் பலர் என்று ஆசிரியர்கள் வருந்தி எழுதினார்கள். பணம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பழச்சாற்றைத் தானே நீட்டித் தோற்றவனுக்கும், பிறர் நீட்டுவதைப் பார்த்தவனுக்கும் கிடைத்த அனுபவம் ஒன்றாகுமா?

மை அழிந்த ஏடு

இனி 'வெண்பா'வுக்குத் திரும்புவோம். 1988இல் தமிழகத்திலிருந்து டொராண்டோ சென்று குடியேறிய இணையர் வெண்பாவும் பாவலனும். அவர்களுக்குப் பிறக்கும் மகன் கவின். பெயர்களைப் பாருங்கள்: தளை தட்டாமல் கட்ட வேண்டிய மரபுச் செய்யுள் தாய், அதைப் பாடவல்லவன் தந்தை, அழகு என்று பொருள்படும் பெயர் மகனுக்கு. ஆனால் அந்த மகன் வீட்டில் தமிழ் பேசத் தயங்குகிறான். புட்டு வேண்டாம், பீட்சா வேண்டும் என்கிறான்.

வெண்பா தன் தாயிடமிருந்து கொண்டுவந்த சமையல் நோட்டு ஒன்று இருக்கிறது. அது கிழிந்தும் கறை படிந்தும் இருக்கிறது. செய்முறையில் சில வரிகள் காணவில்லை. அழிந்த அந்த வரியை ஊகித்து நிரப்புவதுதான் நம் கைக்குத் தரப்பட்ட வேலை. புட்டுக்குழலில் முதலில் போடுவது எது, மாவும் தேங்காய்த் துருவலும் எந்த முறையில் மாறி மாறி விழ வேண்டும், இட்லித் தட்டுகளை எப்படித் திருப்பி அடுக்க வேண்டும் என்பவை எழுத்தில் முழுமையாக இல்லை. சமையலறையில் பாட்டு ஒலிக்கிறது. இந்த விளையாட்டுக்கென்றே இயற்றிய பாடல்கள் அவை. ஆனால் நம் திரையிசையின் வெவ்வேறு காலங்களை நினைவூட்டுவன.

இந்த வடிவத்தை அவர்கள் கண்டெடுத்ததே பெரும் பேறு. அயல்மண்ணில் மொழி தேய்வதைப் பற்றி எத்தனையோ கதைகள் படித்திருக்கிறோம். அங்கெல்லாம் இழப்பு நமக்குச் சொல்லப்படுகிறது. இங்கோ இழப்பு நம் விரலில் தட்டுப்படுகிறது. ஏட்டில் மை அழிந்த இடத்தைக் கையின் நினைவு நிரப்ப வேண்டும். அந்த நினைவு இல்லாதவனுக்கு ஏடு இருந்தும் பயனில்லை. பிற்பகுதியில், தாய் ஊர் திரும்பிய பின், வளர்ந்த கவின் அந்த நோட்டை எடுத்துத் தானே சமைக்க முற்படுகிறான். அவனுக்குப் புரியும் அளவுக்குத்தான் நமக்கும் தமிழ் புரிகிறது. சொற்கள் தெளிவில்லாமல் மங்குகின்றன. முன்பு தாயாக இருந்து எளிதாகச் செய்த கை, இப்போது மகனாக நின்று தடுமாறுகிறது. ஒரே கைக்கு இரண்டு தலைமுறையையும் தந்துவிட்ட இந்த உத்தி, நாவலில் இயலாதது.

இந்தச் சிறப்புக்கு உரிய மதிப்பும் கிடைத்தது. 2024இல் தனிக்குழு விளையாட்டுகளுக்கான விழாவில் முதன்மைப் பரிசையும், அதே ஆண்டு பிரித்தானியத் திரைக் கழகமான பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருதையும் 'வெண்பா' பெற்றது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுப்படிக்குக் கிடைத்த விருது அது.

குறைகளும் உள. ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும் படைப்பில், ஆண்டுகள் தாவித் தாவி ஓடுகின்றன. கவின் விலகுவதையும் திரும்புவதையும் காண்கிறோம்; இரண்டுக்கும் இடையில் அவன் மனம் மாறிய வழி நமக்கு முழுமையாகக் காட்டப்படவில்லை. பாவலனின் உள்ளம் அதைவிடக் குறைவாகவே திறக்கப்படுகிறது. உரையாடலில் நாம் எந்த விடையைத் தேர்ந்தாலும் கதை பெரிதும் மாறுவதில்லை. சமையல் பிழைத்தாலும் அதற்கு விலை இல்லை. மாவும் வீணாவதில்லை, பசித்திருப்பவர் எவரும் இல்லை. உடனே மறுமுறை தொடங்கலாம். வீட்டு அடுப்பு இவ்வளவு இரக்கம் உள்ளதன்று என்பதை ஆச்சிமார் அறிவர். தாய் சமைத்து வைத்து மகனை எதிர்நோக்கியிருக்கும் பகுதி ஒன்றில் மட்டும் இந்தக் குறை மறைகிறது. ஏனெனில் அங்கே சமையல் பிழைக்கவில்லை, எல்லாம் சரியாகவே வெந்திருக்கிறது.

டொராண்டோ எவ்வளவு தூரம்?

பாளையங்கோட்டை வீட்டில் நாம் கண்டது இத்தோடு முடியவில்லை. பையன் ஆங்கிலத்தில் வைத்தே ஆடினான். அவனுக்கு அதுதான் எளிது. ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. "அந்தப் பொம்பள என்ன சொல்லுதா?" என்று அவர் கேட்க, பையன் வெண்பாவின் பேச்சைத் தமிழில் பெயர்த்துச் சொன்னான். தமிழ்த் தாய் ஒருத்தி தன் மகனிடம் பேசியதை, தமிழகத்துப் பேரன் தன் ஆச்சிக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது! இடையிடையே சொல் அகப்படாமல் திணறினான். 'மன்னிப்பு' என்பதைத் தேடி 'சாரி' என்றே விட்டுவிட்டான்.

பிறகு ஆச்சி உள்ளே சென்று தம் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் கிறிஸ்துமஸ் பலகாரக் கணக்கும் எழுதிய நோட்டு. அவர் தாயார் கையெழுத்து. பையன் வாங்கிப் பார்த்தான். சேர்த்தெழுதிய அந்தப் பழைய எழுத்தில் இரண்டு வரிக்கு மேல் அவனால் செல்ல இயலவில்லை. திரையில் கவினுக்கு மங்கிய தமிழ், இங்கே வெயில் விழும் தாழ்வாரத்தில், பள்ளிகள் நிறைந்து தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊரில், ஒரு பேரனுக்கு மங்கியது. அவன் கடல் கடந்து போகவே இல்லை.

இதற்காகப் பையனைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவனை அந்தப் பள்ளியில் சேர்த்தவர்கள் நாமே. வீட்டில் ஆங்கிலத்தில் பேசினால் மகிழ்ந்தவர்களும் நாமே. நூறு மேடைப் பேச்சு உணர்த்தாத ஒன்றை, ஒன்றரை மணி நேர விளையாட்டு உணர்த்தியது என்றால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுவது நன்றியில்லாத செயலாகும்.

காக்கப்பட வேண்டியவை

இச்சிறு படைப்புகளுக்கும் அந்த நோட்டின் விதிதான் காத்திருக்கிறது. கையில் பிடிக்கத் தட்டு இல்லாதவை இவை. கடை மூடினால் வாங்க வழியில்லை. நின்டெண்டோவின் வீ கடை 2019 ஜனவரியிலும், வீயூ, 3டிஎஸ் கருவிகளின் கடைகள் 2023 மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டன. அங்கு மட்டுமே கிடைத்த படைப்புகள் இன்று விலைக்குக் கிடைப்பதில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஒன்றின் ஆய்வு 2023இல் கூறிற்று.

உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்த கதை இந்த ஆற்றங்கரை மக்களுக்குத் தெரியும். கவிராயர் வீடுகளில் கிடைத்த ஏடுகள்தாம் 1889இல் அந்நூல் அச்சேறத் துணைநின்றன. 'தம்பிரான் வணக்கம்' இன்று நமக்குக் கிடைப்பதும் அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகம் காத்துவைத்த படியால்தான். சிறியவற்றை யாரேனும் மதித்து எடுத்து வைத்தால் அவை பிழைக்கின்றன. மதிப்பதற்கு முன் அவற்றை அறிந்திருக்க வேண்டும். அந்த அறிமுகத்தைச் செய்வதே திறனாய்வின் பணி.

ஆகவே பெற்றோர்க்கு நாம் சொல்ல விழைவது ஒன்றே. பிள்ளை ஆடும்போது தள்ளி நின்று கடிந்துகொள்வதைவிட, ஒரு நாள் அருகில் அமர்ந்து பாருங்கள். அது பிள்ளையின் கைக்கு என்ன வேலை தருகிறது என்று கேளுங்கள். சுடுவதும் பறிப்பதும் மேலும் பணம் கட்டுவதுமே அதன் வேலை என்றால் தயங்காமல் நிறுத்துங்கள். காத்திருக்கவும், தேற்றவும், மறந்ததை நினைவுகூரவும் அது கையைப் பழக்குகிறது என்றால், நீங்களும் ஒரு முறை வாங்கி ஆடிப் பாருங்கள்.

நாம் விடைபெறும்போது ஆச்சியும் பேரனும் அந்த நோட்டின் மூன்றாம் வரியில் இருந்தார்கள். 'வெல்லப்பாகு' என்ற சொல்லை அவன் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான். அடுத்த வரியில் எண்ணெய்க் கறை பட்டு இரண்டு சொற்கள் அழிந்திருந்தன. அங்கே என்ன இருந்தது என்று அவன் கேட்டான். ஆச்சி உடனே சொல்லவில்லை. கையைக் குவித்து, ஏதோ உருண்டை பிடிப்பதுபோல் காட்டி, "நீயே சொல்லு பாப்போம்" என்றார்.